வேண்டாததை நீக்கும் விண்டோஸ் ஸ்கிரிப்ட்: பட்டியலைக் கூட்டுவதா, குறைப்பதா?

கெடிலக்கரை (கடலூர்) கேட்டது:

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் போட்டு முடித்ததும் ஓட்டுவதற்கென்று ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட் (விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) எழுதி, சில வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். சாலிட்டேர், எக்ஸ்பாக்ஸ், கிளிப்சாம்ப், ஸ்டார்ட் மெனுவில் வரும் பரிந்துரைகள், டாஸ்க்பார் ஓரத்தில் செய்தியும் வானிலையுமாக விரியும் விட்ஜெட், இவற்றை எடுத்துவிடும். என் பென்டிரைவில் மட்டும் இருந்தவரை தொந்தரவு இல்லை. தெரிந்த சர்வீஸ்காரர்கள் கேட்டார்கள், கொடுத்தேன். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணைத் தண்ணீர் ஊருக்குள் வந்தபோது பல கடைகளில் மெஷின் நனைந்து வீணானது. புதிது வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் விண்டோஸ் 11-க்கு வந்தார்கள். அந்த மாதங்களில் ஸ்கிரிப்ட் கைமாறிக் கைமாறி பண்ருட்டி, நெல்லிக்குப்பம், சிதம்பரம், இந்தப் பக்கம் பாகூர், அரியாங்குப்பம் வரை போய்விட்டது. யார் ஓட்டுகிறார்கள், எந்த மெஷினில் ஓட்டுகிறார்கள் என்று இப்போது எனக்கே தெரியாது.

வருகிற கோரிக்கைகள் ஒரே மாதிரிதான். "எட்ஜையும் எடுத்துவிடுங்கள்", "டிஃபெண்டர் மெஷினை இழுக்கிறது, அதையும்", "அப்டேட்டே வராமல் செய்ய முடியுமா", "ஸ்டோர் எதற்கு". ஒரே கிளிக்கில் எல்லாம் போக வேண்டும், நடுவில் எதையும் கேட்கக் கூடாது. கேட்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. 4 ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்க்குமாக ஒரு மெஷினை வைத்துக்கொண்டு, வரிசையில் நிற்கும் ஆட்களுக்குப் பட்டா, சிட்டா எடுத்துக் கொடுப்பவருக்கு டாஸ்க்பாரில் சினிமா செய்தி விரிந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனாலும் பட்டியலை இன்னும் நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

காரணம் இதுதான். லாரன்ஸ் ரோடு பக்கம் ஓர் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். அன்று 19-ஆம் தேதி, மறுநாள் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனைச் சொருகினால் விளக்கு எரிகிறது, சாஃப்ட்வேர் மட்டும் டோக்கன் இல்லை என்கிறது. வேறு போர்ட், வேறு டோக்கன், டிரைவரை மறுபடி போடுவது எல்லாம் அவர்களே பார்த்துவிட்டார்கள். நான் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து 'ஸ்மார்ட் கார்டு' என்ற வரிக்குப் போனேன். ஸ்டார்ட்அப் டைப் 'டிசேபிள்டு' என்று இருந்தது. வழக்கமாக அது 'மேனுவல்' என்று இருக்கும், டோக்கனோ கார்டோ வந்தால் தானாக எழுந்துகொள்ளும். விசாரித்தால், வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு ஸ்கிரிப்ட்டை முந்தின வாரம் ஓட்டியிருக்கிறார்கள். என்னுடையது இல்லை. மேனுவலுக்கு மாற்றி, டோக்கனைப் பிடுங்கிச் சொருகியதும் வந்துவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். கிளம்பும்போது அங்கே வேலை பார்க்கும் பெண் தயங்கியபடி கேட்டார்: "சார், ஸ்கிரீன்ல மஞ்சள் மஞ்சளா ஒட்டி வச்சிருந்தேனே, அதெல்லாம் எங்க போச்சு?" ஸ்டிக்கி நோட்ஸ். யார் பில் அனுப்பவில்லை, யாருக்கு எந்த மாதம் பாக்கி, எந்தக் கட்சிக்காரரை எத்தனை மணிக்குக் கூப்பிட வேண்டும், எல்லாம் அதில்தான் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஸ்கிரிப்ட் அதையும் வேண்டாததில் சேர்த்து எடுத்துவிட்டது. ஸ்டோர் வகை ஆப்பை ரிமூவ்-ஆப்எக்ஸ்பேக்கேஜ் கட்டளை கொடுத்து எடுத்தால், அந்தக் கணக்கில் அதன் டேட்டா ஃபோல்டரும் சேர்ந்தே போகும். ஸ்டிக்கி நோட்ஸின் குறிப்புகள் மொத்தமும் அந்த ஃபோல்டருக்குள் 'பிளம்' என்ற ஒரே எஸ்கியூலைட் கோப்பில் இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் சைன்-இன் செய்திருந்தால் நெட்டில் ஒரு பிரதி இருந்திருக்கும், அவர் செய்யவில்லை. மறுபடி இன்ஸ்டால் செய்து திறந்தேன். வெறும் மஞ்சள் தாள் ஒன்று வந்தது. டோக்கனைச் சரிசெய்ய முடிந்தது, இதை முடியவில்லை.

நாளைக்கு என் ஸ்கிரிப்ட்டை ஓட்டும் ஒருவருக்கு இப்படி நடக்கக் கூடாது. அதனால் இதுபோன்ற கருவி எதையாவது பராமரிப்பவர்கள் சொல்லுங்கள்: எதை எடுப்பது, எதைத் தொடக் கூடாது என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? எடுத்ததைத் திருப்பி வைக்கும் வழியையும் நாமே கொடுக்க வேண்டுமா? விண்டோஸ் 10-க்கான பகுதியை இன்னும் எத்தனை நாள் வைத்திருப்பது?

அப்புறம் இன்னொரு சிக்கல். ஓட்டுபவருக்குப் புரியட்டும் என்று செய்திகளைத் தமிழில் எழுத ஆரம்பித்தேன். சில வரி ஓடுகிறது, சில வரி எரர் அடிக்கிறது. "நீக்கப்பட்டது" என்று எழுதினால் எரர் இல்லை. "ஸ்கிரிப்ட் ஓடுகிறது" என்று எழுதினால் மேற்கோள்குறி சரியில்லை என்று நின்றுவிடுகிறது. மேற்கோள்குறி சரியாகத்தான் இருக்கிறது, எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டேன். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை லேப் (புதுச்சேரி) எழுதியது:

அண்ணா, கூட்டாதீர்கள். நான் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப்களைப் பார்த்துக்கொள்கிறேன், எங்களுக்கும் இதே மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. இருக்கிற பட்டியலில் பாதியை வெட்டிய பிறகுதான் எனக்கு நிம்மதி.

முதலில் நட்சத்திரக் குறியை ஒழியுங்கள். 'எக்ஸ்பாக்ஸ்' என்று பெயரில் வரும் எல்லாவற்றையும் எடு என்று ஒரே வரியில் எழுதுவது சுலபம். ஆனால் அதில் எக்ஸ்பாக்ஸ் ஐடென்டிட்டி புரொவைடரும் சேர்ந்து போகும். அது போனால் மைன்கிராஃப்ட் மாதிரி விளையாட்டுகளில் சைன்-இன் ஆகாது. கேமிங் ஓவர்லேயை மட்டும் எடுத்துவிட்டு ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) விளையாட்டைப் பதிவு செய்யும் கேம் டிவிஆரை அணைக்காமல் விட்டால், விளையாட்டைத் திறக்கும்போதெல்லாம் "இந்த லிங்கைத் திறக்க புதிய ஆப் தேவை" என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். அதற்காக ஒவ்வொரு பேக்கேஜையும் முழுப் பெயரோடு தனி வரியில் எழுதுங்கள். பக்கத்திலேயே ஏன் எடுக்கிறோம், எடுத்தால் என்ன போகும், எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று எழுதுங்கள். மூன்றாவதை எழுத முடியவில்லை என்றால் அந்த வரி பட்டியலில் இருக்கக் கூடாது. எங்கள் லேப்பில் இதுதான் விதி. ஸ்டோரை இந்த விதியை வைத்துத்தான் விட்டுவைத்தோம். அதை எடுத்துவிட்டால் அப்புறம் மற்ற எதையும் திரும்பப் போடச் சுலபமான வழி இல்லாமல் போகும்.

உங்கள் கடைக்கும் என் லேப்புக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. விண்டோஸில் ஸ்டோர் ஆப் இரண்டு இடத்தில் பதிவாகிறது. ஒன்று பயனர் கணக்கில் இன்ஸ்டால் ஆனது. இன்னொன்று 'புரொவிஷன்' ஆனது, அதாவது புதிதாக யார் லாகின் செய்தாலும் அவருக்கும் போட்டுக் கொடு என்று சிஸ்டத்தில் வைத்திருப்பது. முதலாவதை மட்டும் எடுத்தால் கோப்புகள் விண்டோஸ்ஆப்ஸ் ஃபோல்டரிலேயே கிடக்கும். நெட் இல்லாமலேயே ஆட்-ஆப்எக்ஸ்பேக்கேஜ் கட்டளையில் ரெஜிஸ்டர் என்று கொடுத்து, அங்கே இருக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பைக் காட்டினால் ஆப் திரும்பிவிடும். புரொவிஷனையும் எடுத்துவிட்டால் நெட் வேண்டும், ஸ்டோர் வேண்டும். எங்கள் லேப்பில் தினமும் புதிய மாணவர் லாகின் செய்வார், அதனால் நாங்கள் புரொவிஷனை எடுத்தே ஆக வேண்டும். சிஸ்பிரெப் (ஒரு மெஷினின் விண்டோஸை மற்றவற்றுக்கு நகலெடுக்கத் தயார் செய்யும் கருவி) ஓட்டி இமேஜ் எடுக்கும்போதும் இந்த இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், ஒரு பயனருக்கு மட்டும் இன்ஸ்டால் ஆன பேக்கேஜ் இருக்கிறது என்று சிஸ்பிரெப் நின்றுவிடும். உங்கள் கடைக்கு வரும் மெஷினில் பெரும்பாலும் ஒரே கணக்குதான் இருக்கும். உங்களுக்கு முதல் வகையே போதும். மழைக்காலத்தில் நெட் போய்க் கிடக்கும்போது கூட ஆப்பைத் திருப்பி வைக்கலாம். டேட்டா ஃபோல்டர் மட்டும் எப்படி எடுத்தாலும் போய்விடும். அதனால் ஸ்டிக்கி நோட்ஸ் மாதிரி பயனர் கை வைத்து எழுதும் ஆப்களை நான் தொடுவதே இல்லை.

"எடுத்தது அப்டேட்டில் திரும்ப வந்துவிட்டது" என்று உங்களிடம் சொல்வார்கள். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு முதல், புரொவிஷன் நீக்கிய ஆப்பை ஃபீச்சர் அப்டேட் (அடுத்த பதிப்புக்கு மாற்றும் பெரிய அப்டேட்) திரும்பக் கொண்டுவருவதில்லை. ரெஜிஸ்ட்ரியில் 'டிபுரொவிஷன்டு' என்ற இடத்தில் குறித்து வைத்துக்கொள்கிறது. திரும்ப வந்ததாகத் தெரிவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். ஒரு கணக்கில் மட்டும் எடுத்திருப்பார்கள், அல்லது அதே வேலைக்குப் புதிய பெயரில் வேறொரு பேக்கேஜ் வந்திருக்கும். மெயில், கேலண்டர் ஆப்களுக்கு 2024 டிசம்பர் 31-ஓடு ஆதரவு முடிந்தது, அந்த இடத்துக்குப் புதிய அவுட்லுக் வந்தது. டீம்ஸுக்கும் பேக்கேஜ் பெயர் மாறியது. பழைய பெயரைத் தேடும் ஸ்கிரிப்ட்டுக்கு இது கண்ணில் படாது. பராமரிப்பு என்று நான் செய்வதில் பாதி இந்தப் பெயர்களைத் துரத்துவதுதான்.

அதனால் ஸ்கிரிப்ட் ஆரம்பத்திலேயே பில்ட் எண்ணைப் பார்க்கட்டும். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பு 19045, விண்டோஸ் 11-இல் 23எச்2 என்றால் 22631, 24எச்2 என்றால் 26100, 25எச்2 என்றால் 26200. நீங்கள் சோதித்துப் பார்க்காத எண் வந்தால் "இந்தப் பதிப்புக்குச் சோதிக்கவில்லை" என்று சொல்லி நிற்க வேண்டும். உங்கள் பழைய பிரதி ஒன்று யாருடைய பென்டிரைவிலோ இன்னும் ஐந்து வருடம் உயிரோடு இருக்கும். அது அப்போதைய விண்டோஸில் ஓடிவிடக் கூடாது.

இன்னொன்று, செய்யாததைச் செய்ததாகத் திரையில் காட்டாதீர்கள். டெலிமெட்ரிக்கு (மெஷின் மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பும் தகவல்) ரெஜிஸ்ட்ரியில் 0 என்று வைத்தால், என்டர்பிரைஸ், எஜுகேஷன் மாதிரிப் பதிப்புகளில்தான் அது செல்லும். ஹோமிலும் புரோவிலும் அதை 1 என்றே எடுத்துக்கொள்ளும், தேவையான தகவல் போய்க்கொண்டுதான் இருக்கும். விளம்பர ஆப்களைத் தானாகப் போடுவதைத் தடுக்கும் 'கன்ஸ்யூமர் ஃபீச்சர்ஸ்' பாலிசியும் என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்குத்தான். ஹோம் பதிப்பில் "டெலிமெட்ரி நிறுத்தப்பட்டது" என்று பச்சை எழுத்தில் போட்டால், பார்ப்பவர் நம்பிவிடுவார். எங்களுக்கு எஜுகேஷன் பதிப்பு என்பதால் 25எச்2-வில் வந்த புதிய பாலிசியே இருக்கிறது. கூடவே வரும் ஸ்டோர் ஆப்களில் எது வேண்டாம் என்று அதிலேயே குறித்துவிடலாம். அதை முழுமையாகச் சோதித்துவிட்டால் என் ஸ்கிரிப்ட்டில் பெரிய பகுதியை அழித்துவிடுவேன்.

எட்ஜ் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஐரோப்பாவில் ஒரு சட்டம் 2024 மார்ச் முதல் கட்டாயமானதால் அங்கே அதை முறையாக அன்இன்ஸ்டால் செய்யலாம். இங்கே அந்த வசதி இல்லை, ஊரை மாற்றிக் காட்டி ஏமாற்றும் வழிகள்தான் உலவுகின்றன. அதைச் செய்யும் ஸ்கிரிப்ட்கள் பல வெப்வியூ2-வையும் (மற்ற ஆப்கள் தங்களுக்குள் வெப் பக்கம் காட்டப் பயன்படுத்தும் பகுதி) சேர்த்துப் பிய்த்துவிடுகின்றன. அது போனால் புதிய அவுட்லுக், டீம்ஸ் இரண்டும் திறக்காது.

வில்லியனூர் நிரல் எழுதியது:

தமிழ் எரருக்குப் பதில் என்னிடம் இருக்கிறது அண்ணா. இது அருமையான சிக்கல், நானும் ஒரு நாள் முழுக்க இதில் உட்கார்ந்திருக்கிறேன்.

யுடிஎஃப்-8 என்பது எந்த மொழி எழுத்தையும் பைட்களாக எழுதும் முறை, பிஓஎம் என்பது அந்த முறையில் எழுதியது என்று கோப்பின் தலையில் வைக்கும் அடையாளம். உங்கள் கோப்பு பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8 ஆக சேமிக்கப்பட்டிருக்கிறது. விஎஸ் கோட் வழக்கமாக அப்படித்தான் சேமிக்கும், இப்போதைய நோட்பேடும் அப்படித்தான். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1, கோப்பின் தலையில் பிஓஎம் இல்லாவிட்டால் அதைப் பழைய ஆன்சி முறையில் படிக்கும். ஆங்கிலம் (இந்தியா) என்று வைத்த மெஷினில் அது 1252 என்ற கோட்பேஜ். அப்போது ஒரு தமிழ் எழுத்து மூன்று தனித்தனிக் குறிகளாக உடைந்து தெரியும். குப்பையாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் எரர் வராது, அதனால்தான் "நீக்கப்பட்டது" ஓடிவிடுகிறது.

'ஓ' மட்டும் ஏன் நிற்கிறது? யுடிஎஃப்-8-இல் 'ஓ' எழுத்தின் மூன்றாவது பைட் ஹெக்ஸில் 93. 1252-இல் 93 என்றால் வளைந்த இரட்டை மேற்கோள்குறி. வேர்டிலிருந்து காப்பி செய்பவர்களுக்காக பவர்ஷெல் வளைந்த மேற்கோளையும் நேர் மேற்கோளாகவே எடுத்துக்கொள்ளும். ஆக "ஸ்கிரிப்ட் ஓடுகிறது" என்பதில் 'ஸ்கிரிப்ட்' முடிந்ததும் சரம் மூடிவிட்டது என்று நினைக்கிறது. மீதி எழுத்துகள் வெளியே நிற்கின்றன, எரர். 'ஔ'வுக்கு 94, அதற்கும் இதே கதி.

ஒற்றை மேற்கோளுக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். 'ஒ' எழுத்தின் மூன்றாவது பைட் 92, அது வளைந்த ஒற்றை மேற்கோள். 'கூ', 'மூ' போன்றவற்றில் வரும் நெடில் சுழிக்கு 82, அது கீழே இறங்கிய ஒற்றை மேற்கோள், அதையும் பவர்ஷெல் மூடும் குறியாக எடுத்துக்கொள்ளும். 'மூடவும்' என்று எழுதினால் போதும், நின்றுவிடும்.

தீர்வு ஒன்றுதான்: கோப்பை பிஓஎம் உள்ள யுடிஎஃப்-8 ஆக சேமியுங்கள். விஎஸ் கோடில் கீழ் வரியில் யுடிஎஃப்-8 என்று இருக்கும் இடத்தைச் சொடுக்கினால் மாற்றலாம். வேறு யாராவது திருத்திச் சேமிக்கும்போது பிஓஎம் போய்விடாமல் இருக்க, எடிட்டர்கான்ஃபிக் கோப்பு ஒன்றைப் போட்டு அதில் கேரக்டர்செட்டை யுடிஎஃப்-8-பிஓஎம் என்று எழுதிவிடுங்கள். பவர்ஷெல் 7 பிஓஎம் இல்லாமலே யுடிஎஃப்-8 ஆகப் படிக்கும், ஆனால் வாடிக்கையாளர் மெஷினில் அது இருக்காது. இருந்தாலும் ஆப்எக்ஸ் கட்டளைகளுக்கு 5.1-தான் ஒழுங்கான இடம்.

அதைச் சரிசெய்தாலும் பழைய கருப்புக் கன்சோலில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். முக்கியமான செய்தியை மெசேஜ்பாக்ஸில் காட்டுங்கள், அதில் தமிழ் அழகாக வரும்.

பண்ருட்டி அச்சகம் எழுதியது:

அண்ணே, நான் பராமரிக்கிறவன் இல்லை, ஓட்டுகிறவன். கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் டிசைன் வேலை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இப்போது வீட்டுக்காரர்கள் ஐபோனில் எடுத்த படத்தை அப்படியே அனுப்புகிறார்கள், ஹெச்ஈஐசி கோப்பாக வருகிறது. அதைத் திறக்க ஸ்டோரில் ஹெச்ஈஐஎஃப் எக்ஸ்டென்ஷன் என்று ஒன்று இருக்க வேண்டும். பெயரைப் பார்த்தால் யாருக்கும் எதற்கென்று தெரியாது, அதனால் முதலில் அதைத்தான் தூக்குகிறார்கள். அப்புறம் பெண்ணும் மாப்பிள்ளையும் இருக்கும் படம் திறக்காமல் நாங்கள் முழிப்போம்.

இன்னொன்று டச் கீபோர்டு சர்வீஸ். டச் ஸ்கிரீன் இல்லாத மெஷினுக்கு எதற்கு என்று நிறுத்திவிடுகிறார்கள். என் தம்பி மெஷினில் அப்படி நிறுத்தியதும் ஸ்டார்ட் மெனு தேடலில் ஓர் எழுத்து விழவில்லை, செட்டிங்ஸிலும் விழவில்லை. அவன் கீபோர்டு போய்விட்டது என்று புதிது வாங்கிவிட்டான். தமிழில் மெனு வைத்திருப்பவர்களுக்கு லாங்குவேஜ் எக்ஸ்பீரியன்ஸ் பேக்கும் ஒரு ஆப் மாதிரிதான் பட்டியலில் தெரியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெல்லிக்குப்பம் பையன் எழுதியது:

எல்லாரும் குறைக்கச் சொல்கிறீர்கள். என் அப்பா கடையில் 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். காலையில் ஆன் செய்தால் டீ குடித்துவிட்டு வரலாம். எங்களுக்கு எல்லாம் போனால்தான் ஓடும். வேண்டும் என்பவர்களுக்கு 'முழு நீக்கம்' என்று தனியாக ஒரு ஆப்ஷன் வைப்பதில் என்ன தப்பு அண்ணா? ஓட்டுபவர் பொறுப்பு என்று எழுதிவிட்டால் போயிற்றே.

கெடிலக்கரை எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் சாலிட்டேரை எடுத்தால் ரேம் மிச்சமாகாது. திறக்காத ஆப் டிஸ்க்கில் இடம் பிடிக்கும், அவ்வளவுதான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஸ்டார்ட்அப் பக்கத்தைப் பாருங்கள். பிரிண்டரோடு வந்த அப்டேட்டர், மெசஞ்சர், இரண்டு பிரவுசர் என்று காலையிலேயே எழுந்து உட்கார்ந்திருப்பவைதான் ரேமைத் தின்பவை. அவற்றை அங்கேயே ஆஃப் செய்யலாம், எதையும் நீக்க வேண்டியதில்லை. செலவு செய்ய முடிந்தால் அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். எந்த ஸ்கிரிப்ட்டாலும் அந்த வேகத்தைக் கொடுக்க முடியாது, கடையில் தினமும் பார்க்கிறேன். மெஷினைக் கொண்டுவாருங்கள், ஸ்டார்ட்அப்பை நானே பார்த்துத் தருகிறேன்.

'ஓட்டுபவர் பொறுப்பு' என்று எழுதிவிட்டு ஒதுங்க எனக்கு முடியாது. ஓட்டுபவர் அந்த ஆடிட்டர் ஆபீஸ் பெண் மாதிரி ஒருவராக இருப்பார். அவர் அந்த வரியைப் படித்திருக்க மாட்டார், படித்தாலும் ஸ்மார்ட் கார்டு சர்வீஸ் தன் டோக்கனுக்கு வேண்டியது என்று அவருக்கு எப்படித் தெரியும்? டிஃபெண்டரும் அப்படித்தான். ஜெராக்ஸ் கடைகளுக்கு நாள் முழுக்க யார் யாரோ பென்டிரைவ் கொண்டுவருகிறார்கள், வைரஸ் ஏறி ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிய டிரைவ் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த மெஷினில் டிஃபெண்டரை அணைக்கும் வரியை என் கையால் எழுத மாட்டேன்.

கட்டற்றவன் (விழுப்புரம்) எழுதியது:

லினக்ஸ் போடுங்கள் தோழர், இந்தத் தலைவலியே இருக்காது. விழுப்புரத்திலும் புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருள் குழுக்கள் இருக்கின்றன, இலவசமாகவே நிறுவிக் கொடுப்பார்கள். 4 ஜிபி மெஷினுக்கு எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் போதும்.

கெடிலக்கரை எழுதியது:

தோழர், வீட்டில் பாடம் படிக்கவும் நெட் பார்க்கவும் மட்டும் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு நானும் போட்டுக் கொடுக்கிறேன். கைரேகை மெஷினுக்கு விண்டோஸ் டிரைவர், கணக்குக்கு விண்டோஸ் சாஃப்ட்வேர் என்று இருக்கும் கடைகளுக்கு அது ஆகாது. இந்த ஸ்கிரிப்ட் அவர்களுக்குத்தான்.

லாஸ்பேட்டை மேடம், உங்கள் மூன்று கேள்வி விதியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நேற்று இரவு உட்கார்ந்து பட்டியலை அந்த விதிப்படி எழுதிப் பார்த்தேன். 'எப்படித் திரும்பக் கொண்டுவருவது' என்ற இடத்தில் பேனா நின்ற வரிகள் நிறைய. சர்வீஸ்களை நிறுத்தும் பகுதி முழுவதையும் எடுத்துவிடுகிறேன். எந்தக் கடையில் எந்தச் சாதனம் சொருகியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அதனால் ஒரு சர்வீஸையும் தொடப்போவதில்லை. இனி வழக்கமாக ஓடும்போது அப்போது லாகின் ஆகியிருக்கும் கணக்கில் மட்டும் நீக்கும். புரொவிஷனை எடுப்பது தனி சுவிட்ச், லேப் வைத்திருப்பவர்கள் கேட்டு வாங்கிப் போடட்டும்.

ஒன்டிரைவ் பற்றி யாரும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பெரிய பயம். புதிய மெஷினில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு செட்டப் முடித்தவர்களுக்கு டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் பல சமயம் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போயிருக்கும். பார்வைக்கு எதுவும் மாறியிருக்காது. ஐகான் மூலையில் சின்ன மேகமோ பச்சை டிக்கோ இருக்கும், அதை யாரும் கவனிப்பதில்லை. மேகம் இருந்தால் கோப்பு மெஷினில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் ஒன்டிரைவை அன்இன்ஸ்டால் செய்தால் அந்தக் கோப்பைத் திறக்க வழி இருக்காது. டெஸ்க்டாப்பின் பாதையை யாராவது பழைய இடத்துக்கு மாற்றியும் விட்டால் திரை காலியாகத் தெரியும். வாடிக்கையாளருக்கு உயிரே போய்விடும்.

அதனால் ஒன்டிரைவ் பகுதியை இப்படி மாற்றி எழுதிவிட்டேன். ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பயனரின் 'யூசர் ஷெல் ஃபோல்டர்ஸ்' இடத்தில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றின் பாதையையும் படிக்கும். ஏதாவது ஒன்றில் ஒன்டிரைவ் என்று வந்தால் ஒன்டிரைவைத் தொடாது. "உங்கள் கோப்புகள் ஒன்டிரைவில் இருக்கின்றன. முதலில் அதன் செட்டிங்ஸில் பேக்கப்பை நிறுத்தி, கோப்புகளை மெஷினுக்குக் கொண்டுவந்த பிறகு மறுபடி ஓட்டுங்கள்" என்று மெசேஜ்பாக்ஸில் தமிழில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போகும். இந்தச் செய்தியில் 'ஒ'வும் இருக்கிறது, 'ஓ'வும் இருக்கிறது. வில்லியனூர் தம்பி சொன்னபடி பிஓஎம் வைத்துச் சேமித்தேன், முதல் ஓட்டத்திலேயே முழுசாக வந்தது. ரொம்ப நன்றி தம்பி, இந்தக் காரணத்தை நான் தேடியும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

ஓடி முடிந்ததும் டாக்குமென்ட்ஸில் ஒரு குறிப்புக் கோப்பு இருக்கும். தேதி, ஸ்கிரிப்ட் பதிப்பு, எடுத்த ஒவ்வொன்றின் முழுப் பெயர், மாற்றிய ஒவ்வொரு ரெஜிஸ்ட்ரி மதிப்பின் பழைய எண். திருப்பி வைக்கும் ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பைப் படித்து வேலை செய்யும். அந்த ஸ்கிரிப்ட் கையில் இல்லாவிட்டாலும், அடுத்து வரும் சர்வீஸ்காரர் கோப்பைத் திறந்து பார்த்தால் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வார். அந்த ஆடிட்டர் ஆபீஸில் அப்படி ஒரு கோப்பு இருந்திருந்தால் டோக்கன் வேலை ஐந்து நிமிடம்தான்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை வரும். அந்தத் தேதி வரை அந்தப் பகுதியை வைத்திருப்பேன், ஆனால் புதிதாக ஒரு வரியும் சேர்க்க மாட்டேன். தவறு இருந்தால் திருத்துவேன். பில்ட் 19045-க்கு மட்டும் ஓடும்.

அடுத்த பதிப்பை வெளியே விடுமுன் நிஜமான மெஷின்களில் ஓட்டிப் பார்க்க வேண்டும். என் ஹைப்பர்-வியில் (மெஷினுக்குள் சோதனைக்காக ஓட்டும் இன்னொரு விண்டோஸ்) டோக்கனும் இல்லை, ஹெச்ஈஐசி படமும் இல்லை, தமிழ் மெனுவும் இல்லை. யாராவது ஒரு மெஷின் தர முடிந்தால் ஓட்டுமுன் முழு டிஸ்க் இமேஜ் எடுத்து வைத்துவிட்டுத்தான் தொடுவேன்.

லாஸ்பேட்டை லேப் எழுதியது:

புதிய கணக்குகளுக்கும் செட்டிங்ஸ் போகட்டும் என்று டிஃபால்ட் யூசர் ஹைவை (புதிய கணக்குகளுக்கு அச்சாக இருக்கும் ரெஜிஸ்ட்ரி கோப்பு) லோடு செய்கிறீர்கள் என்றால் ஒரு விஷயம். பவர்ஷெல் அந்த ரெஜிஸ்ட்ரி சாவியைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்கும், அன்லோடு கட்டளை 'அனுமதி இல்லை' என்று திரும்பிவிடும். அன்லோடுக்கு முந்தின வரியில் பயன்படாத பிடிகளை விடுவிக்கும் ஜிசி கலெக்ட்டைக் கூப்பிடுங்கள். அன்லோடு ஆகாமல் விட்டால் அடுத்து உருவாக்கும் கணக்கில் பிரச்சினை வரும்.

25எச்2 எஜுகேஷன் மெஷின் ஒன்று என்னிடம் சும்மா இருக்கிறது. தமிழ் லாங்குவேஜ் பேக் போட்டுத் தருகிறேன். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் லேப் காலி, ஸ்கிரிப்ட்டை அனுப்பிவிடுங்கள், நானே ஓட்டிவிட்டு குறிப்புக் கோப்பை அனுப்புகிறேன்.

பண்ருட்டி அச்சகம் எழுதியது:

என் பழைய டிசைன் மெஷினைக் கொண்டுவருகிறேன் அண்ணே. விண்டோஸ் 10, பார்த்துவிட்டேன், 19045-தான். ஹெச்ஈஐசி படம் ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்குமா?

கெடிலக்கரை எழுதியது:

திறந்திருக்கும், காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள். பவர் கேபிளும் கொண்டுவாருங்கள். அதில் ஸ்டிக்கி நோட்ஸ் திறந்திருந்தால் உள்ளே இருப்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டு வாருங்கள்.